எதிர்ச்சொல்

பர்னி, டாஸ்மேனியா
9 மார்ச் 1984

கிளைவ்,

நேற்று பதினொரு மணிக்கு உங்களுடைய கடைசிப் பயிற்சி. ஒரு மணி வரை காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. எலுமிச்சை கேக் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதை வரவேற்பறைப் பெண்கள் தின்று தீர்த்துவிட்டார்கள்.

பக்கவாதம் வந்து உங்களை இங்கே தள்ளுநாற்காலியில் கொண்டுவந்தபோது உங்களிடம் இரண்டே சொற்கள்தான் இருந்தன. ஒன்று உங்கள் மனைவி பேமின் பெயர். இன்னொன்றை நான் எழுத முடியாது. பதினான்கு மாதத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று நேற்று உட்கார வைத்துச் சொல்லலாம் என்றிருந்தேன். உங்களைவிட எனக்குத்தான் அது தேவைப்பட்டது போலிருக்கிறது.

மருத்துவருக்கு நான் எழுதிய கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். "தனியாகப் படகு எடுத்துச் செல்லலாம். தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் தெளிவாகச் சொல்ல முடிகிறது." கீழே இருப்பது என் கையெழுத்து. அதைப் போட்ட பிறகு இரண்டு தடவை எடுத்துப் படித்துவிட்டேன்.

மிச்சம் இருக்கும் ஒரே தொல்லை உங்களுக்குத் தெரியும். சூடு என்று நினைத்தால் வாயில் குளிர் வரும், வலது என்றால் இடது வரும். சொல்ல வந்ததன் எதிர்ச்சொல் முந்திக்கொள்ளும். களைப்பிலும் பயத்திலும் அதிகமாகும். ஆகவே கையை மறக்காதீர்கள். நெற்றியைத் தொட்டால் வடக்கு, தாடையைத் தொட்டால் தெற்கு. கை போன பிறகுதான் வாய் திறக்க வேண்டும். கடந்த ஆறு வாரத்தில் நாற்பது தடவை கேட்டேன், நாற்பதும் சரியாகச் சொன்னீர்கள்.

எங்கள் மேலதிகாரி கேட்கிறார், "ரோவீனா, வெளியில முப்பத்தொரு பேர் காத்துக்கிட்டிருக்காங்க. அந்த மீன்காரரை எப்பதான் விடப்போற?" விட்டாகிவிட்டது. முடித்த பிறகு நாங்கள் யாரையும் தொடர்பு கொள்ளக் கூடாது என்பது விதி. மூன்று மாதம் கழித்து ஓர் அச்சடித்த படிவம் மட்டும் வரும்.

ஏன் வரவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

ரோவீனா பைக்
பேச்சுப் பயிற்சியாளர்


காட்டர் முனை
21 மார்ச்

டீச்சர்,

இது எழுத மூணு நாள். பேம் பக்கத்துல வந்து "நான் எழுதட்டா"ன்னா. போடின்னு சொல்லப் பாத்தேன். வாடின்னு வந்துச்சு. வந்து மடியில உக்காந்துட்டா.

அன்னிக்கு வரல. இல்ல. வந்தேன். கார்ல. ஆஸ்பத்திரி கார் நிறுத்துற இடம். பத்தரைலேருந்து ஒரு மணி வரை. உங்க ஜன்னல் தெரியும். நீங்க நாலு தடவை எட்டிப் பாத்தீங்க. பச்சைச் சட்டை.

இறங்கல. உள்ள வந்தா முடிஞ்சுடும். கார்லயே இருந்தா முடியல. அவ்ளோதான்.

பப்ல போன வாரம் "சூடா ஒரு பியர்"ன்னேன். கடைக்காரன் பாத்திரத்துல ஊத்தி அடுப்புல வெச்சுக் குடுத்தான். எல்லாரும் பாத்தாங்க. குடிச்சேன். மானம் முக்கியம்.

படகு தண்ணீல இறக்கியாச்சு. ஏப்ரல் முதல் சிங்கி இறாலுக்குப் போறேன். இறால் புடிக்கற கூடு நாப்பது. பயமா இருக்கு. பேம்கிட்ட சொல்லல. உங்ககிட்ட மட்டும்.

தூக்கத்துலயும் கை நெத்திக்குப் போகுதாம். பேம் சொல்றா.

கிளைவ் மேடக்ஸ்


பர்னி
30 ஏப்ரல்

கிளைவ்,

இந்தக் கடிதத்தை நான் எழுதக் கூடாது. மூன்று தடவை கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி, படகுச் சாமான் கடையில், படகுகள் பேசுவதைக் கேட்கக்கூடிய பழைய ரேடியோ ஒன்று வாங்கினேன். தினமும் காலை ஏழே முக்காலுக்கு, டோஸ்ட் கருகினாலும் கவனிக்காமல், அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஊர் மேவிஸ் டிப்பெட் தன் வீட்டிலிருந்து ஒவ்வொரு படகாகக் கூப்பிடுகிறார். எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள். உங்கள் முறை ஒன்பதாவது. எட்டுப் பேர் பேசி முடிப்பதற்குள் என் உள்ளங்கை நனைந்துவிடுகிறது.

நேற்று நீங்கள், "ஸ்டாக் தீவுக்குத் தெற்கே. எல்லாம் நல்லாருக்கு" என்றீர்கள். வேறு யார் சொன்னாலும் அது நல்லாருக்கு. நீங்கள் சொன்னால்? உங்கள் கை நெற்றிக்குப் போனதா, தாடைக்குப் போனதா, ஒன்றும் தெரியவில்லை. அறையில் என் எதிரே உட்கார்ந்திருந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ரேடியோவுக்கு முகம் இல்லை.

உங்களுக்கு முன்னால் ஆல்மா கிரப் என்று ஓர் அம்மா என்னிடம் வந்தார். நன்றாகப் பேச வைத்து, கை குலுக்கி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து இறைச்சிக் கடையில் பார்த்தேன். மகள் கேட்டுக் கேட்டு வாங்குகிறாள், ஆல்மா விரலால் மட்டும் காட்டுகிறார். கடைக்காரர், "அம்மா இப்ப பேசறதே இல்லையே" என்றார். மகள், "எதுக்கு அவங்களைச் சிரமப்படுத்தணும்?" என்றாள். நான் ஊறுகாய் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். படித்தவள், முப்பத்தெட்டு வயது, ஒளிந்துகொண்டேன். நாங்கள் கதவைச் சாத்திய பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. தானாகக் கண்ணில் பட்டால்தான் உண்டு.

சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வாருங்கள். ஒரு மணி நேரம் போதும். பதிவேட்டில் ஏற்ற மாட்டேன், யாருக்கும் தெரியாது.

ரோவீனா


காட்டர் முனை
8 மே

டீச்சர்,

கோவமா இருக்கேன். நாலு நாள் தள்ளி எழுதறேன். அப்பவும் கோவம்.

நீங்க முடிச்சீங்க. நான் முடிக்கல. நாற்பதும் சரின்னு எழுதினீங்க. கையெழுத்து போட்டீங்க. அந்தக் காயிதத்தைப் பேம் சாப்பாட்டு அறைல மாட்டி வெச்சிருக்கா. என் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்துல. இப்ப, அது நிஜமில்லைங்கறீங்க.

முன்னாடி கடல்ல தனியா இருப்பேன். நல்லாருக்கும். இப்ப மைக்கை எடுத்தா ஒரு காது தெரியுது. உங்க காது. தப்பு வருமா, வருமான்னு காத்துக்கிட்டிருக்கு. நேத்து அதனாலயே தப்பு வந்துச்சு. மேவிஸ் சிரிச்சா. நீங்களும் கேட்டிருப்பீங்க.

கேக்காதீங்க. சனிக்கிழமை வரமாட்டேன். நான் ஆல்மா இல்ல.

கிளைவ்


பர்னி
14 மே

கிளைவ்,

நீங்கள் சொன்னது நியாயம். வெட்கமாக இருக்கிறது.

ரேடியோவை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி உங்கள் காலை உங்களுடையது.

ரோவீனா


பர்னி
27 ஜூன், காலை 10.20

கிளைவ்,

கை சும்மா இருக்க மறுக்கிறது, அதனால் எழுதுகிறேன். இதை நீங்கள் படிப்பீர்களா என்று தெரியாது. படிக்க வேண்டும்.

ரேடியோவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பொய் சொன்னேன். தினமும் கேட்டேன்.

இன்று காலை மேவிஸ் கூப்பிடுவதற்கு முன்பே நீங்கள் குறுக்கே வந்தீர்கள். "மேவிஸ், எஞ்சின் போச்சு. ஸ்டாக் தீவுக்கு வடக்கே. பாறை கிட்ட." மேவிஸ், "வடக்கேதானே, கிளைவ்?" என்றார். "ஆமா. வடக்கே" என்றீர்கள். பிறகு இரைச்சல், பிறகு அதுவும் இல்லை.

பதினான்கு மாதத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. பயந்த குரல். பயத்தில் சொல் புரளும் என்று உங்களுக்குச் சொன்னவளே நான்தான். ஆமாம் என்பதும் இல்லை என்பதும்கூடப் புரளும். நேற்று முன்தினம் கூடுகளைத் தீவுக்குத் தெற்கே போட்டதாகச் சொன்னீர்கள். அது எனக்கு ஞாபகம் வந்தது.

மேவிஸுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நான் யார் என்று சொன்னேன். நோயாளியைப் பற்றி வெளியில் வாய் திறக்கக் கூடாது, திறந்தேன். "அவர் வடக்குன்னு சொன்னா தெற்கா இருக்கும். பயத்துல மாறிடும். தெற்கே தேடச் சொல்லுங்க."

மேவிஸ் தயங்கினார். "காத்து தென்மேற்குலேருந்து அடிக்குதுங்களே…" என்று இழுத்தார்.

"எனக்கு அவரைத் தெரியும்" என்றேன்.

இரண்டு படகுகள் கிளம்பியிருந்தன. மேவிஸ் அவர்களுக்குச் சொல்வதை நானே ரேடியோவில் கேட்டேன். அது நடந்தது எட்டே காலுக்கு. எட்டே முக்காலுக்கு "தெற்கே ஒண்ணும் காணோம்" என்றார்கள். ஒன்பதரைக்கும் அதையே சொன்னார்கள். "இன்னும் தள்ளிப் பாருங்க" என்றார் மேவிஸ். தெற்கே போகப் போகக் கடல் பெரிது, கிளைவ், நிறைய இடம் இருக்கிறது. இன்னும் தள்ளி இருப்பீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு இன்று வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்தத் தாளில் என் எழுத்து உங்கள் எழுத்துப் போலவே இருக்கிறது.

பத்தரை. மேவிஸ் மறுபடி பேசுகிறார். "ஒருத்தர் வடக்கே திரும்புங்க" என்கிறார். ஏன் வடக்கே? நான் சொன்னேனே. நான் தெளிவாகத்தானே சொன்னேன்?


காட்டர் முனை
11 ஜூலை

டீச்சர்,

வடக்கே.

ஒரு கை மைக். ஒரு கை சுக்கான். நெத்தியத் தொடக் கை இல்ல. தொடாம வந்துச்சு. மொதல் தடவை. வடக்குன்னு தானா வந்துச்சு. அந்த நிமிஷம், எஞ்சின் செத்துக் கிடக்கு, பாறை வருது, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பைத்தியக்காரன் மாதிரி. டீச்சர் கேட்டிருக்கணும்னு நெனச்சேன். நீங்கதான் ரேடியோவக் குடுத்துட்டீங்களேன்னு வருத்தப்பட்டேன்.

தென்மேற்குக் காத்து. எஞ்சின் இல்லாத படகு எங்க போகும்? தெற்கே கூடு போட்டா என்ன, அது வடக்கேதான் தள்ளிட்டுப் போகும். காட்டர் முனைல எந்தப் பயலும் சொல்வான். நீங்க என் வாயப் பாத்தீங்க. காத்தப் பாக்கல. மேவிஸ் பாத்தா. ஆனா நீங்க படிச்சவங்க.

படகு பாறைல மாட்டி நிக்குது. ஒடையல. அப்பத்தான் ரெண்டு படகும் வந்துச்சு. தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தா நான் கை ஆட்டறது தெரியும். அப்ப ரெண்டும் தெற்கே திரும்பிச்சு. எனக்குப் புரியல. முதுகு காட்டிட்டுப் போகுது. கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? "போங்க! போங்க!"ன்னு. வாங்கன்னு வரல. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. அந்தத் தூரத்துல எதுவும் கேட்டிருக்காது. இருந்தாலும் சொல்றேன். போறவங்களப் பாத்துப் போங்க, போங்கன்னு நின்னேன்.

ரெண்டாவது மணில என் படகு ரெண்டா ஒடஞ்சுச்சு. முழங்கால் நசுங்கிச்சு. பாறையப் புடிச்சுட்டு இருந்தேன். கை மரத்துப் போச்சு. விட்டுடுவேனோன்னு பயம். கடைசில வடக்கே திரும்பின படகு வந்து தூக்கிச்சு. இப்பவும் கண்ண மூடினா அந்த ரெண்டு படகோட முதுகு. பேம் ராத்திரியெல்லாம் வெளக்க அணைக்கறதில்ல.

உங்க கடிதம் வந்துச்சு. பத்தரை மணியோட நின்ன கடிதம். அப்படியே தபால்ல போட்டிருக்கீங்க. படிச்சேன். நீங்களும் பயந்தீங்க. சரி.

கேளுங்க. அன்னிக்கு மேவிஸ் எல்லாப் படகுக்கும் கேக்கற மாதிரி சொன்னா. "கிளைவ் மாத்திப் பேசறவர், நம்பாதீங்க." இப்ப இறங்குதுறைல காலை வணக்கம் சொன்னா "என்னப்பா, சாயங்காலமா?"ங்கறான். ஊன்றுகோலோட கடைக்குப் போய் வெண்ணெய் வேணும்னேன். "வேணுமா, வேணாமா, நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னு சிரிக்கறாங்க. நாளைக்கு நான் வேற படகு ஏறி முழுகறேன்னு கூப்பிட்டா யார் வருவா? படகு ரெண்டாங்கைல கெடைக்கும். நம்பற வாய் எங்க வாங்கறது?

நீங்க சொன்னீங்க. நீங்களே மாத்திச் சொல்லுங்க. எனக்கு இல்ல. அதே ரேடியோல. ஏழே முக்காலுக்கு.

கிளைவ்


பர்னி
24 ஜூலை

கிளைவ்,

நேற்றுக் காலை காட்டர் முனைக்கு வந்தேன். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். நிறுத்தவில்லை.

மேவிஸின் ரேடியோ அவர் வீட்டுச் சலவை அறையில் இருக்கிறது. காயப் போட்ட துணிகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு மைக், சுவரில் படகுகளின் பட்டியல். ஒன்பதாவதான உங்கள் பெயர் இன்னும் அடிக்கப்படவில்லை. மேவிஸ் எனக்குத் தேநீர் கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு பதினொரு படகுகளையும் கூப்பிட்டு, "ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க, ஆஸ்பத்திரிலேருந்து வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு மைக்கை என் பக்கம் தள்ளினார்.

கிளைவ், எனக்கு வாய் வரவில்லை. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். தாள் கையில் இருக்கிறது, எழுத்து தெரிகிறது, நாக்கு அசையவில்லை. இரைச்சல் மட்டும் கேட்கிறது. அந்தப் பக்கம் பதினொரு பேர் காத்திருக்கிறார்கள். மேவிஸ் என் தோளைத் தட்டி, "பொத்தானை அழுத்துங்க, கண்ணு" என்றார். அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். பதினைந்து வருஷமாக மற்றவர்களை இந்த இடத்தில் உட்கார வைத்து, "அவசரமில்ல, நிதானமாச் சொல்லுங்க" என்று புன்னகை செய்திருக்கிறேன். அந்தப் புன்னகை எவ்வளவு கொடுமை என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

கடைசியில் சொன்னேன். "ஜூன் இருபத்தேழாம் தேதி கிளைவ் மேடக்ஸ் வடக்கேன்னு சொன்னார். வடக்கேதான் இருந்தார். தப்பு சொன்னது நான். அவர் சரியாச் சொன்னார்."  பொத்தானை விட்டேன். பிறகு ஒருவர், பெயர் தெரியாது, "கேட்டுச்சு" என்றார். அவரைத் தொடர்ந்து ஒவ்வொருவராக, கேட்டுச்சு, கேட்டுச்சு.

மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நோயாளியின் விஷயத்தை வெளியில் சொன்னதற்கு விசாரணை இருக்கும். அதுவரை யாரையும் பார்க்கக் கூடாது என்றிருக்கிறார்கள். எனக்கு அதில் புகார் இல்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று விசாரணை கேட்கும், பதில் எனக்கே முழுதாகத் தெரியவில்லை. நீங்கள் மூழ்கிவிடுவீர்கள் என்று நான் பயந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நான் இல்லாமல் நீங்கள் சரியாகப் பேசிவிடுவீர்கள் என்றும் பயந்திருக்கிறேன். அன்று தொலைபேசியை எடுத்தபோது எந்தப் பயம் எடுத்தது என்று எத்தனை தரம் யோசித்தும் எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

ரேடியோவை மேவிஸிடம் கொடுத்துவிட்டேன். இந்த முறை அவரையே கேட்டுக்கொள்ளலாம். என் சொல்லை நம்ப வேண்டியதில்லை.

மன்னிப்புக் கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்களை மேலும் எழுத வைக்க எனக்கு உரிமை இல்லை.

ரோவீனா


காட்டர் முனை
30 ஜூலை

ரோவீனா,

கேட்டேன். அடுக்களை ரேடியோல. பேம் கெட்டிலை அணைச்சுட்டு நின்னா.

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. மூச்சு மட்டும். பொத்தானை அழுத்தியிருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. நான் மேசையப் புடிச்சுக்கிட்டேன். வராதோன்னு பயம். வந்தா தெற்குன்னு வந்துடுமோன்னு அதவிடப் பயம். பேம், "உனக்கு ஏன்யா வேர்க்குது?"ன்னா. அப்ப புரிஞ்சுது, நீங்க தினமும் காலைல எங்க உக்காந்திருந்தீங்கன்னு. கொடுமையான எடம். அங்க போகாதீங்க.

வடக்கேன்னு தெளிவாச் சொன்னீங்க.

முழங்காலுக்கு இன்னொரு அறுவை இருக்கு. கடலுக்குப் போவேனா தெரியாது. கடலப் பாத்தா இப்ப திரும்பி உக்காந்துக்கறேன். இதுக்கு மருந்து கெடையாதுன்னு டாக்டர் சொல்றார். இனிமே எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

உங்க மேல கோவம் இல்ல.

இத பேமுக்குக் காட்டல. திருப்பிப் படிக்கவும் இல்ல. நான் சொல்ல வந்தது அதுதானான்னு கேட்டு எழுதாதீங்க. நம்பறது உங்க பாடு.

கிளைவ்